மசக்கை விட்ட பிறகு

"அக்கா, ரசம் சாதம் சாப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு, உள்ளேயே இருக்கு."

இதைச் சொல்வதற்காகவே என் தங்கை வேலை நேரத்தில் போன் செய்தாள். அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவள் வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் இவள் வீட்டு ஜன்னலைச் சாத்த வேண்டும். கணவரின் ஷேவிங் கிரீம் வாசனைகூட ஆகாது. பதினைந்தாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மசக்கை கிளம்பிப் போய்விட்டது.

மறுநாளே இன்னொரு போன். இந்தத் தடவை குரலில் உற்சாகம் இல்லை. "வாந்தியும் இல்ல, தலைசுத்தலும் இல்ல. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குக்கா. உள்ள எல்லாம் சரியாத்தானே இருக்கும்?"

முதல் மூன்று மாதம் உடம்பு கூச்சல் போட்டுச் சொல்கிறது. கடைசி மூன்று மாதம் வயிறே முன்னால் போய் நின்று ஊருக்குச் சொல்லிவிடும். இடைப்பட்ட பதினான்கு வாரத்தில் உடம்பு பேச்சைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் இதைச் சுகமான காலம் என்கிறார்கள். சுகம்தான். ஆனால் தாயின் ரத்தக் குழாய்களைத் திருத்தி அமைப்பது, அவள் சர்க்கரைக் கணக்கை மாற்றி எழுதுவது, குழந்தையின் காதையும் நுரையீரலையும் முடுக்கிவிடுவது எல்லாம் இந்த அமைதிக்குள்தான் நடக்கிறது. கோளாறு வந்தாலும் அதுவும் சத்தம் போடாமலேதான் வருகிறது. இந்த மாதங்களில் செய்யப்படும் பரிசோதனைகளைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும்: அத்தனையும் கர்ப்பிணிக்குத் தானாகத் தெரியவராத விஷயங்களைத் தேடுகிறவை.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். "எத்தனை மாசம்?" என்று கேட்டால் அம்மா "அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குது" என்பார். டாக்டர் சீட்டில் 22 வாரம் என்று இருக்கும். மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. அதாவது கர்ப்பமே ஆகாத இரண்டு வாரமும் கர்ப்பக் கணக்கில் சேர்த்தி! அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் மாதவிலக்கான தேதி பெண்ணுக்குத் தெரியும். கரு தங்கிய தேதி யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தக் கணக்குப்படி முழுக் கர்ப்பம் 40 வாரம், 280 நாள். 28 நாளை ஒரு மாதமாக எடுத்துக்கொண்டால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்தேன் என்று அம்மாக்கள் சொல்லும்போது காலண்டரைக் காட்டி ஒன்பதுதான் என்று திருத்த வேண்டியதில்லை. நாம் பேசும் நடுக்காலம் 14-வது வாரத்திலிருந்து 27-வது வாரம் முடியும் வரை.

தங்கையின் கேள்விக்கு வருவோம். மசக்கைக்கு யார் பொறுப்பு என்பதே அண்மையில்தான் தெளிவாகத் துலங்கியது. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, ஜிடிஎஃப்-15 என்ற ஹார்மோனைக் கைகாட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் அதை ஏராளமாகத் தாயின் ரத்தத்தில் விடுகின்றன. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோன் ஓரளவு பழகிய பெண்களுக்கு மசக்கை குறைவு. முன்பு குறைவாக இருந்தவர்களை அது புரட்டிப் போடுகிறது. பெரும்பாலோருக்கு 14 முதல் 16 வாரத்துக்குள் குமட்டல் தணிந்துவிடும். தணிவது குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதன் அடையாளம் இல்லை. அதைத்தான் தங்கையிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை, அடுத்த செக்கப்பில் இதயத்துடிப்பைக் காதால் கேட்ட பிறகே நம்பினாள்.

நஞ்சுக்கொடிக்கு நம் மொழி வைத்த பெயரைப் போல் அநியாயமான பெயர் வேறு இல்லை. பிள்ளைக்குச் சோறு, மூச்சு, கழிவறை மூன்றுமாக இருக்கும் உறுப்பைப் பிடித்து நஞ்சு என்று சொல்லிவிட்டோம். நடுக்காலம் தொடங்கும்போது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன் வேலையையும் அது சினைப்பையிடமிருந்து கைப்பற்றியிருக்கும். அடுத்து அது தொடும் இடம் தாயின் ரத்தக் குழாய்கள். கருப்பைச் சுவரில் திருகுத் திருகாக ஓடும் சிறு தமனிகளுக்கு இயல்பில் இறுக்கமான தசைச் சுவர் உண்டு. உடம்பு நினைத்தால் அவற்றைச் சுருக்கி ரத்தத்தைக் குறைக்கலாம். நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தச் சுவருக்குள் புகுந்து தசையை அரித்து, குறுகிய குழாயை அகன்று தளர்ந்த வாயாக மாற்றுகின்றன. கிட்டத்தட்ட இருபதாவது வாரத்தோடு இந்த வேலை முடிகிறது. வாய்க்கால் மடையை உடைத்து, இனி மூடவே முடியாதபடி செய்துவிடுவது மாதிரி. அதன்பின் தாயின் உடம்பே நினைத்தாலும் பிள்ளைக்குப் போகும் ரத்தத்தை எளிதில் குறைக்க முடியாது.

இந்த வேலை அரைகுறையாக நின்றால்? அப்போதும் தாய்க்கு ஒன்றும் தெரியாது. குறுகலாகவே நின்றுவிட்ட குழாய்களோடு மல்லுக்கட்டும் நஞ்சுக்கொடி, சில பொருள்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. இருபது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் இறங்கும். பிரீ-எக்லாம்ப்சியா என்பது இதைத்தான். முற்றினால் வலிப்பில் கொண்டுபோய் விடும். ஒவ்வொரு முறை போகும்போதும் கையில் பட்டை கட்டிப் பார்ப்பதும், சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்துவரச் சொல்வதும் சடங்குக்காக இல்லை.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் இதற்கு நேரெதிர் நடக்கும்: நடுக்காலத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுவது அதனால்தான். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை, முதுகெலும்பை ஒட்டி இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையை அழுத்தும், தலை கிறுகிறுக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது அதற்காக. இரவில் தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிட்டால் பதறத் தேவையில்லை, விழிக்கும்போது திரும்பிப் படுத்தால் போதும்.

ரத்தமும் பெருகுகிறது. ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை கூடுதலாகச் சேரும். ஆனால் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால், பாலில் தண்ணீர் சேர்த்த கதையாக ஹீமோகுளோபின் அளவு இறங்கித் தெரியும். உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்று, கர்ப்பிணிகளுக்கான 11 கிராம் என்ற எல்லையை நடுக்காலத்துக்கு மட்டும் 10.5 ஆக வைத்திருக்கிறது. இந்தச் சலுகையின் மறைவில்தான் உண்மையான ரத்தசோகை ஒளிந்துகொள்ளும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. களைப்பாக இருக்கிறது என்றால் "மாசமா இருந்தா அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்றாகக் குறைந்தது 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை என்பது அரசின் கணக்கு. ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரை. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் சுண்ணாம்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபியும் டீயும் அதே குறுக்கு வேலையைச் செய்யும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை நிற்கும். சிக்கல் என்னவென்றால் மாத்திரை வயிற்றைக் கட்டும், வாயில் துரு வாடை அடிக்கும். ஆகவே நிறைய மாத்திரைகள் அலமாரியிலேயே குடியிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கிராம சுகாதார செவிலியர் "மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "வெளிக்குக் கருப்பாப் போகுதா?" என்பார். இரும்பு உள்ளே போயிருந்தால் மலம் கருக்கும். பதிலுக்கு விழிப்பவளின் அலமாரியில் மாத்திரை அப்படியே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சமயத்தில் "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புவார்கள். ரசம் சாதம் தங்கிய செய்தி பரவியதும் என் தங்கைக்கு மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கர்ப்ப காலத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 350 கலோரி. மூன்று இட்லி, ஒரு தம்ளர் பால், கையளவு நிலக்கடலை உருண்டை. அதோடு கணக்கு முடிந்தது. அந்த இரண்டாவது ஆள் இருபதாவது வாரத்தில் 300 கிராம் சொச்சம்தான்.

தங்கைக்கு அசைவு தெரிந்தது பத்தொன்பதாவது வாரத்தில். தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு அப்படியே அசையாமல் இருந்தாள். "குடத்துக்குள்ள மீன் வாலைத் தட்டின மாதிரி இருந்துச்சு" என்றாள். அம்மா, "வாயுவா இருக்கும். நேத்து மொச்சைக்கொட்டை சாப்பிட்டியே" என்றார். இரண்டு நாள் அது வாயுவாகவே இருந்தது. மூன்றாம் நாள் அதே இடத்தில் இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. அதன் பிறகு அம்மாவும் ஒத்துக்கொண்டார்.

உண்மையில் கரு எட்டாவது வாரத்துக்குள்ளேயே அசையத் தொடங்கிவிடும். அப்போது அது விரற்கடை அளவுகூட இல்லை. தண்ணீரில் மிதந்தபடி அது துள்ளுவது யாருக்கும் எட்டாது. கைகால் நீண்டு, கருப்பைச் சுவரில் பட்டு, அந்த அதிர்வு தாயின் வயிற்றுச் சுவருக்கு வந்து சேரும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. தலைச்சன் பிள்ளைக்குப் பொதுவாக 18 முதல் 20 வாரம். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் முன்பே. அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு ஏற்கெனவே பழக்கம். நஞ்சுக்கொடி முன்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் தலையணை வைத்த மாதிரி அசைவை மறைக்கும், இன்னும் தாமதமாகும். இங்கிலாந்தில் 1803-இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் தண்டனையையே இந்த முதல் அசைவுக்கு முன், பின் என்று பிரித்து வைத்தது. அதற்குப் பெரும்பாலும் சாட்சி அந்தப் பெண்ணின் வாய்மொழிதான்.

இன்று அந்த இடத்தில் ஸ்கேன் இருக்கிறது. 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் குறைபாடு கண்டறியும் ஸ்கேனுக்குத் தங்கையோடு நானும் போனேன். வெளியே சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகை. உள்ளே இருட்டு. வயிற்றில் ஜில்லென்று ஜெல். டாக்டர் கருவியை உருட்டத் தொடங்கினார், இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் இரண்டு புள்ளி வைப்பார், இடையில் கோடு விழும், ஒரு எண் வரும். திரும்ப இரண்டு புள்ளி. தங்கை என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கடைசியில் அவர் சொன்னது, "கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா, குழந்தை முகத்தைக் காட்ட மாட்டேங்குது."

அந்த மௌனத்தில் அவர் எண்ணிக்கொண்டிருந்தது இவற்றை: தலைக்குள் சிறுமூளை டம்பெல் வடிவில் இருக்கிறதா, மேலுதடு பிளவில்லாமல் கூடியிருக்கிறதா, முதுகெலும்பு ஏணிப்படி மாதிரி விடுபடாமல் இறங்குகிறதா, இதயத்தில் நான்கு அறையும் உண்டா, தொப்புள் கொடியில் மூன்று குழாய் ஓடுகிறதா, வயிற்றில் கறுப்பாக ஒரு குமிழ் தெரிகிறதா. கடைசிக் குமிழ் இரைப்பை. அது தெரிந்தால் பிள்ளை நீரை விழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த வயதில் முழு இதயமே சின்னக் கொட்டைப்பாக்கு அளவுதான். இன்னும் முன்னால் பார்த்தால் பாகங்கள் பிரிந்து தெரியாது. ரொம்பத் தள்ளிப்போட்டால் கடுமையான குறை தெரியவந்தாலும் பெற்றோருக்கு யோசிக்க அவகாசம் இருக்காது; 2021-இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டப்படி 24 வாரம் தாண்டிவிட்டால், கருவின் பெருங்குறைக்காகக் கலைக்க மருத்துவ வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நல்ல ஸ்கேனிலும் எல்லாக் குறையும் தெரிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'நார்மல்' என்ற சொல்லுக்கு, பார்த்தவரை சரி என்பதற்கு மேல் பொருள் இல்லை.

இந்தக் கருவியின் பிறப்பிடம் ஆஸ்பத்திரி இல்லை, இரும்புப் பட்டறை. உலோகத்துக்குள் வெளியே தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகளில் மீயொலிக் கருவி இருந்தது. கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, 1955-இல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் அங்கே தயாராக இருந்தது. நீர்க்கட்டிக்கும் சதைக்கட்டிக்கும் எதிரொலி வேறாக வருவதைக் கண்டார். 1958-இல் லான்செட் இதழில் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட படங்களிலிருந்து தொடங்கியதுதான் இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்கேன் சென்டர்.

வெளியே இருந்த பலகைக்கு ஒரு துணைச் செய்தி. உள்ளே இருப்பது பெண்ணாக இருந்தால், இருபதாவது வாரத்தில் அவளுடைய சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அவள் வாழ்நாளில் அதுதான் உச்சம்; பிறப்பதற்குள் பத்து, இருபது லட்சமாகக் கரைந்துவிடும். அப்படியானால் என் தங்கையின் பிள்ளைக்கு வித்தான முட்டை, எங்கள் அம்மா அவளைச் சுமந்தபோதே அம்மாவின் வயிற்றுக்குள் உருவாகிவிட்டது. இதைச் சொன்னபோது அம்மா நம்பிக்கையில்லாமல் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்த வருஷம் நான் தின்ன மாங்காயெல்லாம்?" என்றார்.

மாங்காய் பற்றித் தெரியாது. பூண்டு பற்றித் தெரியும். பதினாறாவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் பெரும்பாலும் பிள்ளையின் சிறுநீர்தான். அதையே அது குடிக்கிறது, திரும்ப விடுகிறது. தங்கை முகம் சுளித்தாள். ஆனால் இது அழுக்கு நீர் இல்லை, கழிவை நஞ்சுக்கொடி எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஜூலி மெனெல்லா குழுவினர் 1995-இல் ஒரு சோதனை செய்தார்கள். வேறு காரணத்துக்காகப் பனிக்குட நீர் எடுக்கப்பட இருந்த பெண்களில் சிலருக்கு 45 நிமிடம் முன்னதாகப் பூண்டு எண்ணெய் மாத்திரையும் சிலருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். பிறகு அந்த நீரை, எது எவருடையது என்று சொல்லாமல், சிலரிடம் முகர்ந்து பார்க்கக் கொடுத்தார்கள். பூண்டு சாப்பிட்ட ஐந்து பேரில் நால்வரின் நீரை மூக்கு கண்டுபிடித்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பூண்டு ரசத்துக்கு எப்போது பழகுகிறார்கள் என்று யோசிக்க இது போதும்.

இருபத்துநான்காவது வாரம் தாண்டியதும் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாமல் இருந்தாலும் செய்யலாம் என்பது இதன் சிறப்பு. மேலை நாட்டு முறையில் வெறும் வயிற்றில் போய் மூன்று முறை ஊசி குத்திக்கொள்ள வேண்டும். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணைப் பட்டினியாக உட்கார வைக்க முடியாது, இன்னொரு நாள் வா என்றால் அவள் வரவும் மாட்டாள். இந்த நடைமுறை உண்மையைப் புரிந்துகொண்டு இந்த எளிய முறைக்காக வாதாடியவர் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. நாடு தழுவிய வழிகாட்டுதலிலும் இப்போது அதுதான் இருக்கிறது. முதல் வருகையில் ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொன்று.

ஏன் இந்த வாரங்களில்? திரும்பவும் நஞ்சுக்கொடிதான். அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் செல்களை இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபடி செய்கின்றன. அவள் எடுத்துக்கொள்ளாத சர்க்கரை ரத்தத்தில் நிற்கும், பிள்ளைக்குப் போகும். ஈடுகட்ட அவளது கணையம் இன்சுலினைக் கூட்டுகிறது. டேவிட் ஹெய்க் என்ற உயிரியலாளர் 1993-இல் இதைத் தாய்க்கும் கருவுக்கும் இடையிலான கயிறிழுப்பாக விளக்கினார்: பிள்ளை தன் பங்கைக் கூடுதலாகக் கேட்கிறது, தாய் அடுத்த பிள்ளைக்கும் தனக்கும் சேர்த்து மிச்சம் பிடிக்கப் பார்க்கிறாள். தாய்மையைத் தியாகத்தின் உருவமாகவே பேசிப் பழகிய நமக்கு இந்த விளக்கம் கசக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது. கணையம் இந்த இழுப்பில் தளரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. அந்தப் பெண் இனிப்பு தின்றது மட்டும் காரணம் இல்லை. தங்கைக்கு 148 வந்தது. வீட்டில் அத்தனை பேரும் அவள் தின்ற ஜாங்கிரியை எண்ணத் தொடங்கினார்கள். அரிசியைக் குறைத்து, சுண்டலும் காயும் கூட்டி, சாப்பாட்டுக்குப் பின் நடந்ததில் அவளுக்கு இறங்கிவிட்டது. சிலருக்கு மருந்து தேவைப்படும். பிரசவத்தோடு பெரும்பாலும் மறைந்துவிடும் இது, பின்னாளில் நிலையான சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டிவிட்டுப் போகிறது. ஆகவே பிள்ளை பெற்ற பிறகும் சோதனையை விடக் கூடாது.

சின்னச் சின்ன உபத்திரவங்களை நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். தும்மினாலோ சட்டென்று எழுந்தாலோ அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று குத்துவது, கருப்பையைத் தாங்கும் நார்கள் இழுபடுவதால். தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு, கன்னத்தில் திட்டு, பல் துலக்கினால் ஈறில் ரத்தம், நெஞ்செரிச்சல், ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு, ஜலதோஷமே இல்லாமல் மூக்கடைப்பு. ஹார்மோனும் பெருகிய ரத்தமும் வளரும் வயிறும் சேர்ந்து செய்கிற வேலை. வயிறு ஒரு நிமிடம் கல்லாகி வலியில்லாமல் இளகுவதும் உண்டு. ஆனால் அந்த இறுக்கம் சீரான இடைவெளியில் வலியோடு வந்தாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ, தலை பிளக்கிற மாதிரி வலித்துப் பார்வை மங்கினாலோ, முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலோ, நன்றாக உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அடங்கிப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் கிளம்ப வேண்டும்.

நடுக்காலத்தின் கடைசி வாரங்கள் நுரையீரலுக்கு உரியவை. நுரையீரலின் காற்றுப் பைகள் ஈரமானவை. ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம், நனைந்த பாலித்தீன் பையைத் திறப்பது மாதிரி. ஒட்டாமல் காக்கும் வழவழப்பான ஒரு பூச்சை 24-வது வாரத்தை ஒட்டித்தான் நுரையீரல் சுரக்கத் தொடங்குகிறது. போதிய அளவு சேர இன்னும் பல வாரம் ஆகும். நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒரு குட்டி, பிழைக்கவே வழியில்லாத அளவு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் விரிந்திருந்தது. 1972-இல் அவரும் ராஸ் ஹோவியும் அதே வகை மருந்தைக் குறைமாதப் பிரசவத்தை எதிர்கொள்ளும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார்கள். இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் போடப்படும் அந்த ஊசிக்குப் பின்னால் இருப்பது ஒரு ஆட்டுக்குட்டி.

ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. நம்முடையது மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல் ஒன்று இதற்காகவே எழுதப்பட்டது. இந்தப் பேச்சு தவறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கு லாபம். எட்டில் பிறந்தவனுக்கு ஏழில் பிறந்தவனைவிட வாய்ப்பு அதிகம்.

தங்கைக்கு வளைகாப்பு 27-வது வாரத்தில் வந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று சாதங்கள் வரிசையாக இருக்க, சர்க்கரை காரணமாக எல்லாவற்றிலும் ஒரு கரண்டி மட்டும் அவளுக்கு அனுமதி. வளையல் அடுக்கிக்கொண்டே ஒரு அத்தை, "இந்தச் சத்தம் உள்ள இருக்கிற பிள்ளைக்குக் கேக்கும். அந்தக் காலத்துலயே எவ்வளவு விஞ்ஞானம் பாத்தியா?" என்றார்.

காது அப்போது வேலை செய்யத் தொடங்கியிருக்கும், உண்மை. ஆனால் பெல்ஃபாஸ்டில் ஹெப்பர், ஷாஹிதுல்லா இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு அத்தைக்குச் சாதகமாக இல்லை. 450 கருக்களுக்கு, தாயின் வயிற்றில் ஒலிபெருக்கியை வைத்து வெவ்வேறு சுருதியில் ஒலி எழுப்பி, அசைகிறார்களா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். 19 வாரத்தில் ஒரே ஒரு கரு, 500 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அசைந்தது. 27 வாரத்தில் 250, 500 ஹெர்ட்ஸ் கனத்த ஒலிகளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் அசைந்தார்கள். 1000, 3000 ஹெர்ட்ஸ் மெல்லிய ஒலிகளுக்கு ஒருவர்கூட அசையவில்லை. போதாக்குறைக்கு, வயிற்றுச் சதையும் நீரும் கீச்சொலியை வடிகட்டிவிடும். கண்ணாடி வளையலின் கிணுகிணுப்பு பெரும்பாலும் அந்தக் கேட்காத பக்கத்தில்தான் இருக்கிறது. வளைகாப்பை நான் குறை சொல்லவில்லை; பயந்துபோயிருக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி இத்தனை பெண்கள் உட்காருவதற்கு விஞ்ஞானச் சான்றிதழ் எதற்கு? சுபத்திரையின் வயிற்றிலிருந்தபடி சக்கரவியூகம் கேட்ட அபிமன்யுவுக்கும் இதே சிக்கல்தான்: சொற்களைப் பிரித்துக்காட்டும் கூர்மையான மெய்யெழுத்து ஒலிகள் உள்ளே மழுங்கிப்போகும். போய்ச் சேருவது ராகம். அதிலும் தெளிவாகச் சேருவது தாயின் குரல். அது காற்றின் வழியே மட்டும் போவதில்லை, அவள் எலும்பும் சதையும் அதைச் சுமந்துபோகின்றன.

இதையெல்லாம் அத்தையிடம் நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இரட்டைப்படையாகிவிட்டது என்று ஒரு சலசலப்பு, கழற்றி மறுபடி அடுக்கினார்கள். வளையல் குலுங்கிக்கொண்டே இருந்தது, தங்கை சும்மா இருந்தாள். வாசலில் பந்திக்கு இலை போதவில்லை என்று பெரியப்பா சத்தம் போட்டார். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் மைக் இல்லாமல் பேசிய குரல். தங்கை சட்டென்று வயிற்றின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை நடந்ததை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. பெரியப்பா திரும்பவும் கத்தினார். அவள் என்னைப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினாள்.